கடைசிப் பிள்ளை இல்லாத வகுப்பு

கணக்கு டீச்சர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. போர்டில் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு, பிறகு வீட்டில் காய் நறுக்கும்போதோ குர்லாவில் ரயில் மாறும்போதோ அது தப்பு என்று உறைத்தால், மறுநாள் வகுப்பில் போய் நின்று, "நேற்றுப் போட்ட கணக்கை வேறு விதமாகவும் போடலாம், பாருங்கள்" என்று ஆரம்பிப்போம். பிள்ளைகள் புதியதை எழுதிக்கொள்ளும். பழையது நோட்டில் அப்படியே கிடக்கும். 'தப்பு' என்ற சொல் மட்டும் எங்கள் வாயிலிருந்து வராது. பி.எட். படிப்பில் இதைச் சொல்லித்தருவதில்லை, அவரவரே கற்றுக்கொள்கிறோம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே கற்றுக்கொண்டேன்.

நாற்பத்தொரு வயதில் நான் தபால்வழியில் எம்.எஸ்சி. கணக்குக்குச் சேர்ந்தேன். ஏன் என்று கேட்டால் கௌரவமாக எதையாவது சொல்லலாம். உண்மையான காரணம் வீம்பு. அப்பா அணுசக்தி நகரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டில் யாரைத் தொட்டாலும் பெயருக்குப் பின்னால் இரண்டு டிகிரி நிற்கும். நான் வெறும் பி.எஸ்சி., பி.எட். செம்பூரில் நான் வேலை பார்த்த இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் எனக்குப் பத்து வருடம் பின்னால் வந்த பெண்ணுக்கு எம்.எஸ்சி. இருந்ததால் பதினொன்றாம் வகுப்பைக் கொடுத்தார்கள். எனக்கு எட்டாம் வகுப்பு சி பிரிவு. அன்று சாயங்காலமே விண்ணப்பத்தை நிரப்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் நேர்முக வகுப்பு. முப்பது பேர் இருப்போம், எல்லோருமே வேலையில் இருக்கும் கணக்கு ஆசிரியர்கள். பாடம் எடுக்க வந்த பேராசிரியர், மடித்து மடித்துக் கிழிந்துபோன தன் பழைய நோட்டைப் பார்த்து போர்டில் எழுதுவார், அழிப்பார், மறுபடி எழுதுவார். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. வாரம் முழுக்க "வெட்கப்படாமல் டவுட் கேளுங்கள்" என்று ஊரார் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். டீச்சர் டவுட் கேட்டால் மானம் போய்விடும் என்று ஒவ்வொருவருக்கும் பயம்.

ஒருவர் மட்டும் கை தூக்குவார். முதல் பெஞ்சில் உட்காரும் ஒரு பெண், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். "சார், ஏக் பார் ஃபிர் ஸே" என்பார். சார் முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடி சொல்வார். அதற்கும் புரியாவிட்டால் மறுபடியும் கை தூக்குவார். எனக்கு அவரைப் பார்த்தால் எரிச்சலாக இருக்கும். எனக்கும் அதே இடத்தில்தான் புரிந்திருக்காது என்பது வேறு விஷயம்.

மூன்றாவது வாரம் இடைவேளையில் அவரே என் பெஞ்சுக்கு வந்தார். என் நோட்டின் ஓரத்தைக் காட்டி, "இதுல 'கறிவேப்பிலை, தயிர்'னு எழுதிருக்கியளே டீச்சர், அது எந்தத் தேற்றம்?" என்றார். வகுப்பு ஓடும்போது வீட்டுக்கு வாங்க வேண்டியதைத் தமிழில் குறித்து வைத்திருந்தேன். இரண்டு பேரும் சிரித்தோம். அப்படித்தான் பழக்கமானது.

அவர் தாராவிக்காரர். பூர்விகம் திருநெல்வேலிப் பக்கம். தாராவியில் ஒரு டிரஸ்ட் நடத்தும் தமிழ் மீடியம் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு டீச்சர். அவருடைய எம்.எஸ்சி. என்னுடையதைப் போல வீம்பு கிடையாது. அந்தப் பள்ளியில் ஒரு காலத்தில் வகுப்புக்கு அறுபது பிள்ளைகள் இருந்தார்கள். இப்போது பதினொன்று. அக்கம்பக்கத்தில் எல்லோரும் இங்கிலீஷ் மீடியத்துக்குப் பிள்ளைகளை அனுப்புகிறார்கள், அவர் மகளும் அங்கேதான் படித்தாள். வருகிற ஜூனில் தமிழ் வகுப்புகளை மூடப்போவதாக டிரஸ்டில் சொல்லிவிட்டார்கள். எம்.எஸ்சி. முடித்திருந்தால் அவர்களுடைய ஜூனியர் காலேஜிலேயே இடம் உண்டு. முடிக்காவிட்டால் அவர் உபரி ஆசிரியர். எங்கே ஆள் தேவையோ அங்கே தூக்கிப் போடுவார்கள்.

"சர்ப்ளஸ்னா என்ன தெரியுமா டீச்சர்?" என்றார் ஒரு நாள். "சாப்பிட்டு மிஞ்சினத யாருக்காச்சும் குடுக்கோம்லா, அதான்."

எனக்கு முன்பே சேர்ந்தவர் அவர். மாமியார் படுத்த படுக்கையானபோது இரண்டு தடவை பரீட்சையை விட்டுவிட்டார். வருகிற பரீட்சையோடு அவர் பதிவுக்காலம் முடிகிறது. அதில் எல்லாப் பேப்பரிலும் தேறினால்தான் உண்டு.

சேர்ந்து படிப்பது என்று முடிவு செய்தோம். டீச்சர்கள் சேர்ந்து படித்தால் எப்படி இருக்கும்? ஆளுக்குப் பாதிப் பாடத்தைப் பிரித்துக்கொண்டு, ஒருவர் நின்று பாடம் எடுப்பது, மற்றவர் பெஞ்சில் உட்கார்ந்து நோட் எடுப்பது. எங்களுக்கு வேறு விதமாகப் படிக்கத் தெரியாது. அல்ஜீப்ரா அவருக்கு, அனாலிசிஸ் எனக்கு. சனிக்கிழமை மதியம் பள்ளி விட்டதும் நான் செம்பூரில் ரயிலேறி, குர்லாவில் மாறி, சயானில் இறங்கி அவர் பள்ளிக்கு நடப்பேன். அவருடைய வகுப்பறை மாடியில் இருந்தது. கீழே அப்பளம் காயும். பக்கத்துச் சந்தில் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டே இருக்கும். ஐந்தாம் வகுப்புப் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்து நான் அல்ஜீப்ராவின் குலங்களும் வளையங்களும் படித்தேன். அவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் பாடம் எடுத்ததில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

ஒரு சனிக்கிழமை நான் உள்ளே நுழைந்ததும், "டீச்சர், போன வாரம் நான் சொன்னது தப்பு. நோட்ட எடுங்க, அடிச்சிருவோம்" என்றார். அவரே என் நோட்டை வாங்கி, சிவப்புப் பேனாவால் அந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"என்ன இப்படிப் பட்டுனு சொல்லிட்டேள்! உங்க க்ளாஸ்லயும் இப்படித்தானா?" என்று கேட்டேன்.

"ஐயோ, அங்க சொல்ல முடியுமா? பிள்ளைக நாளைக்கு நம்மள நம்பாது. அங்க, 'வேற விதமாவும் போடலாம்'தான்" என்று கண்ணைச் சிமிட்டினார். வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்த வித்தை செம்பூரிலும் தாராவியிலும் ஒன்றுதான் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது நான் அந்தத் தேற்றத்தை எடுத்தேன். கணக்கு தெரியாதவர்களுக்கும் சொல்லிவிடலாம். இரண்டு முனையும் உள்ள ஒரு கோட்டில் எண்ணி முடியாத புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு புள்ளியும், அதை ஒட்டி இருப்பவையும், ஒரு வேலையை ஒரு நேரத்தில் முடித்துவிடும் என்று தெரியும். எல்லாப் புள்ளிகளும் முடித்திருக்கும்படியான ஒரு பொது நேரம் உண்டு என்று நிரூபிக்க வேண்டும். புத்தகத்தில் இதற்கு இரண்டு பக்கம் நிரூபணம் இருந்தது. எனக்கு அது புரியவில்லை. அப்படிச் சொல்லியிருக்கலாம். எதிரே இருந்தவர் வாராவாரம் மானத்தைப் பார்க்காமல் கை தூக்குகிறவர், என்னைக் கேலி செய்திருக்க மாட்டார். ஆனால் கையில் சாக்பீஸ் இருந்தது. சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு எனக்குப் புரியவில்லை என்று சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை.

"ரொம்ப சுலபம்" என்றேன். "க்ளாஸ்ல அறுபது பிள்ளைகள் பரீட்சை எழுதறது. ஒண்ணொண்ணும் ஒவ்வொரு நேரத்துல முடிக்கும். கடைசிப் பிள்ளை முடிச்ச நேரத்தை எடுத்துக்கோங்கோ, அப்போ எல்லாரும் முடிச்சாச்சு. மணி அடிச்சுடலாம். அவ்வளவுதான் நிரூபணம். இருக்கற நேரங்கள்ல பெரியதை எடுத்துக்கணும்."

அவர் கை தூக்கினார். எனக்கு எதிரேயும் கை தூக்கித்தான் கேட்பார். "புத்தகத்துல ரெண்டு பக்கம் போட்டிருக்கே டீச்சர்?"

"அது சும்மா வளைச்சு வளைச்சு எழுதியிருக்கு" என்றேன்.

அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. இத்தனை வருடத்தில் அனாலிசிஸில் அவருக்கு முதல் தடவையாக ஒன்று புரிந்திருக்கிறது என்று சொன்னார். பக்கத்தின் மேலே தமிழில் 'கடைசிப் பிள்ளை' என்று எழுதிக் கட்டம் போட்டுக்கொண்டார்.

பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பு என் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு யூனிட் டெஸ்ட். நான்தான் சூப்பர்விஷன். எல்லோரும் பேப்பரைக் கொடுத்துவிட்டார்கள், ஒரு பெண் மட்டும் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் முடிக்கட்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இவள் முடித்தால் வீட்டுக்குப் போகலாம். இவளுக்கும் பின்னால் இன்னும் மெதுவாக எழுதுகிற ஒருத்தி இருந்தால்? அவளுக்கும் பின்னால் ஒருத்தி, அவளுக்கும் பின்னால் ஒருத்தி என்று போய்க்கொண்டே இருந்தால்? அப்போது மணி அடிக்கவே முடியாது. எண்ணி முடியாத புள்ளிகள் உள்ள கோட்டில் கடைசிப் பிள்ளை என்று யாரும் இல்லை. அறுபது பேரை வைத்துக்கொண்டே காலம் தள்ளிய பள்ளிக்கூட டீச்சர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது.

வீட்டுக்கு வந்து புத்தகத்தின் அந்த இரண்டு பக்கத்தைப் படித்தேன். தப்பு எது என்று தெரிந்ததும் அது எளிதாகப் புரிந்தது. எண்ணி முடியாத புள்ளிகளை முதலில் எண்ணக்கூடிய சில கூட்டங்களாகப் பிரிக்க வேண்டும். கூட்டத்துக்கு ஒரு நேரம் வைக்க வேண்டும். அதற்கு அப்புறம்தான் கடைசி நேரத்தை எடுக்கலாம். அந்தப் பிரிக்கிற வேலைக்குத்தான் இரண்டு பக்கம். அதைத்தான் நான் வளைச்சு வளைச்சு எழுதியிருக்கு என்று சொல்லியிருந்தேன்.

சரியான நிரூபணத்தைத் தெளிவாக எழுதிப் படம் எடுத்து அவருக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். கூடவே குரல் பதிவாகவும் சொன்னேன்: "டீச்சர், அந்தத் தேற்றத்தை வேற விதமாவும் போடலாம். அனுப்பியிருக்கேன். டயம் இருந்தா பாத்துக்கோங்கோ."

யோசித்துச் சொன்னது இல்லை. வாயில் தானாக வந்தது. ஆனால் அனுப்பிய பிறகு, அதே பொத்தானை மறுபடி அழுத்தி, முன்னால் சொன்னது தப்பு என்று ஒரு வரி சொல்ல எனக்கு எல்லா நேரமும் இருந்தது.

கால் மணி நேரத்தில் பதில் வந்தது. "பாத்தேன் டீச்சர். இது நீளமால்லா இருக்கு. நமக்குக் கடைசிப் பிள்ளை மனப்பாடம். வந்தா அதையே எழுதிருதேன்." கடைசியில் கும்பிடுகிற கைகள் இரண்டு.

போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுதினேன், அழித்தேன். பரீட்சைக்கு முன்னால் குழப்பக் கூடாது என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். முப்பது தலைப்பு இருக்கிற பாடத்தில் இதுதானா வரப்போகிறது என்றும் நினைத்தேன்.

அதுதான் வந்தது. கட்டாயக் கேள்வி, பதினாறு மார்க்.

பரீட்சை முடிந்து வெளியே வந்தபோது கல்லூரி வாசலில் அவர் எனக்காகக் காத்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "வந்துட்டு டீச்சர்! நம்ம கடைசிப் பிள்ளை வந்துட்டு!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்களும் அதத்தான எழுதினிய?"

"ஆமா, அதேதான்" என்றேன்.

இதைப் போலக் கேவலமாக நான் எப்போதும் நடந்துகொண்டதில்லை. அன்றைக்கு என்னைக் காபி குடிக்க அழைத்துப்போனதும் அவர்தான். வழியில் ஜூனியர் காலேஜில் இங்கிலீஷில் எப்படிப் பாடம் எடுப்பது, பிள்ளைகள் சிரிக்குமா என்று கேட்டுக்கொண்டே வந்தார். சிரிக்காது என்று சொன்னேன்.

ரிசல்ட் வந்தபோது நான் முதல் வகுப்பில் தேறியிருந்தேன். அவர் அல்ஜீப்ராவில் என்னைவிடப் பதினெட்டு மார்க் அதிகம். அனாலிசிஸில் ஆறு மார்க்கில் போய்விட்டார். போனில் அவர் அழவில்லை. "ஸ்டெப் மார்க்கு போடாம விட்டுட்டான் போல. பேப்பர் நகல் கேட்டு எழுதிப் போட்டிருக்கேன்" என்றார். நகல் வருவதற்குள் ஜூன் வந்துவிட்டது. அவருடைய மாற்றல் உத்தரவும் வந்துவிட்டது. பாண்டுப்பில் ஒரு தொடக்கப் பள்ளி, மூன்றாம் வகுப்பு.

நகல் கிடைத்ததும் கூப்பிட்டார். "சனிக்கிழமை வாங்க டீச்சர். எங்க மார்க்கு போச்சுன்னு நீங்க பாத்துச் சொல்லுங்க. இங்க சாமான ஒழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

போனேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது. ரயிலில் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டேன்: நான் சொல்லித்தந்தது தப்பு, எனக்கு முன்னாடியே தெரியும். இரண்டே வாக்கியம். குர்லாவிலிருந்து சயான் வருவதற்குள் பத்துத் தடவை சொல்லிவிட்டேன்.

வகுப்பறையில் பெஞ்சுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். கீழே ஒன்றே ஒன்று கிடந்தது. அதில் விடைத்தாளை விரித்து வைத்திருந்தார். பழக்க தோஷம், தன் பேப்பரைத் தானே பென்சிலால் திருத்தியிருந்தார். இந்த வரிக்கு இரண்டு, இந்த வரிக்கு மூன்று. "நானா இருந்தா எட்டு போட்டிருப்பேன். எட்டு போட்டா பாஸு" என்றார். திருத்தியவர் போட்டது பூஜ்யம். 'இருக்கிற நேரங்களில் பெரியதை எடுத்துக்கொள்வோம்' என்ற வரிக்கு அடியில் சிவப்புக் கோடு இருந்தது. பக்கத்தில் சின்ன எழுத்தில், அப்படி ஒன்று இருக்கிறதா என்று இங்கிலீஷில் கேட்டு எழுதியிருந்தது.

"இது என்ன கேள்வி டீச்சர்? கடைசிப் பிள்ளை எப்படி இல்லாமப் போவும்?"

நான் வாயைத் திறந்தேன். பத்துத் தடவை சொல்லிப் பார்த்த இரண்டு வாக்கியமும் எங்கே போயிற்றோ தெரியவில்லை. "இதை வேற விதமாவும்..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

பாதியிலேயே நிறுத்தினேன். ஆனால் அவர் தலையை நிமிர்த்திவிட்டார். பிறகு போனை எடுத்தார், விரலால் தள்ளித் தள்ளி மேலே போனார், ஒரு இடத்தில் அழுத்தினார். காலி வகுப்பறையில் என் குரல் கேட்டது. "டீச்சர், அந்தத் தேற்றத்தை வேற விதமாவும் போடலாம். அனுப்பியிருக்கேன். டயம் இருந்தா பாத்துக்கோங்கோ." உற்சாகமான குரல். எட்டாம் வகுப்பு சி பிரிவில் நான் பேசுகிற குரல் அதுதான்.

"தெரிஞ்சுதான் அனுப்பினியளா?" என்றார்.

"ஆமா."

"அப்போ வாசல்ல வச்சுக் கேட்டனே, நீங்க எத எழுதினிய?"

"புத்தகத்துல இருக்கறதை."

அவர் கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். போனைக் கவிழ்த்து பெஞ்சின் மேல் வைத்தார். "நான் உங்க க்ளாஸ் பிள்ளையா டீச்சர்?" என்று கேட்டார்.

அழுகை வந்தது, அதற்கும் எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியதால் அடக்கிக்கொண்டேன். வெளியே மழையில் யாரோ யாரையோ ஹிந்தியில் திட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் எழுந்து போய், ஈரத்துணியால் போர்டைத் துடைத்தார். பெட்டிக்குள் கட்டி வைத்திருந்த சாக்பீஸில் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"போடுங்க."

"இனிமே எதுக்கு..."

"பரீட்சை இல்லேன்னா தெரிஞ்சுக்கப்படாதா? இருபத்திரெண்டு வருஷமா கணக்கு டீச்சரா இருந்திருக்கேன். போடுங்க."

அந்த ஒற்றைப் பெஞ்சில் உட்கார்ந்து பழைய நோட்டைப் பிரித்தார். நான் போர்டுக்குத் திரும்பி எழுத ஆரம்பித்தேன். எண்ணி முடியாத புள்ளிகளை எண்ணக்கூடிய கூட்டங்களாகப் பிரித்தேன். நான்கு வரி எழுதியதும் நிறுத்தினேன். திரும்பினேன்.

"அன்னிக்கு நான் சொல்லித்தந்தது தப்பு டீச்சர்."

அவர் 'கடைசிப் பிள்ளை' என்று கட்டம் போட்டிருந்த பக்கத்தின் குறுக்கே சிவப்புப் பேனாவால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"சரி. மேல போடுங்க" என்றார்.